சிதம்பரமா, திருச்சியா?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே எங்கள் ஊரான எறையூர்ப் பக்கம் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். "சார், பாப்பாவ அண்ணாமலையில சேர்க்கலாமா, பாரதிதாசன்ல சேர்க்கலாமா? ரெண்டும் கவர்மெண்ட் யுனிவர்சிட்டிதானே, எது சார் நல்லது?" கேட்பவர் பெரும்பாலும் தாயாகத்தான் இருப்பார். அப்பா கரும்புக் காட்டில் நிற்பார், அல்லது வளைகுடாவில் இருப்பார். ஆசிரியர் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். முன்பெல்லாம் இரண்டில் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அப்படிச் சொன்னது தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். ஏன் தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எறையூரிலிருந்து தெற்கே போனால் பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கும் திருச்சி. திட்டக்குடி, விருத்தாசலம் வழியாகக் கிழக்கே போனால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரம். இரண்டும் ஒரு பகல் பொழுதில் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான். ஆனால் தினமும் போய்வர முடியாத தூரம். ஊருக்கு வடக்கே வெள்ளாறு ஓடுகிறது. ஆற்றுக்கு இக்கரை பெரம்பலூர் மாவட்டம். இங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகள் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அக்கரை கடலூர் மாவட்டம். அங்குள்ள கல்லூரிகள் முன்பு வேலூரிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அவை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டன. ஆக, வேப்பந்தட்டை அரசுக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்குப் பாரதிதாசன் பட்டம், பாலம் தாண்டித் திட்டக்குடி அரசுக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு அண்ணாமலைப் பட்டம். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி வகுப்பறை, ஒரே மாதிரி ஆசிரியர் பற்றாக்குறை. பெயர் மட்டும் வேறு.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது வெள்ளையர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அதை வடிவமைத்தார்கள். அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. கல்லூரிகள் பாடம் நடத்தின, பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. நம் நாட்டில் பல்கலைக்கழகம் என்றால் வினாத்தாள் அனுப்பும் அலுவலகம் என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது. 1917இல் அமைந்த சாட்லர் குழு இந்த ஏற்பாட்டின் குறைகளை ஆராய்ந்து, ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் காலத்துச் சிந்தனையில்தான் டாக்காவும் லக்னோவும் எழுந்தன. தமிழகத்தில் அந்த வடிவத்தில் எழுந்தது அண்ணாமலை. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 1929இல் உறைவிடப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. மாணவர்கள் விடுதியில் தங்குவார்கள், நூலகம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும், கணிதம் படிப்பவனும் தமிழ் படிப்பவனும் இசை படிப்பவனும் ஒரே சாலையில் எதிர்ப்படுவார்கள்.

பாரதிதாசன் பல்கலைக்கழகம் மற்ற வடிவத்தைச் சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் திருச்சியில் இருந்த முதுகலை மையம்தான் 1982இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. காவிரிப் படுகையில் விரிந்த கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் அதன் பெரிய வேலை. புதுக்கோட்டைச் சாலையில் பல்கலைப்பேரூரில் இருக்கும் அதன் வளாகத்தில் பெரும்பாலும் முதுகலையும் ஆராய்ச்சியும்தான். குரும்பலூரிலோ வேப்பந்தட்டையிலோ அரியலூரிலோ பி.எஸ்சி. படிக்கும் பிள்ளை மூன்று ஆண்டில் ஒரு முறைகூட அந்த வளாகத்தைப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிட முடியும். வாங்குகிறார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அந்தக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அந்தப் பட்டத்தை வைத்து அவரைச் சென்னைப் பல்கலைக்கழக மாணவர் என்று யாராவது சொல்கிறார்களா? அவரை உருவாக்கியது கல்லூரி, அங்கிருந்த ஆசிரியர்கள், விடுதி. இன்றைக்கும் திருச்சியில் செயின்ட் ஜோசப், ஜமால் முகமது, நேஷனல், பிஷப் ஹீபர், ஹோலி கிராஸ், அரசின் பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி எல்லாமே பாரதிதாசன் என்ற ஒரே பெயரின் கீழ்தான் இருக்கின்றன. இவை தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டமும் தேர்வும் அவர்களுடையவை, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. நேற்று தொடங்கி, வாடகைக் கட்டடத்தில் நடக்கும் ஒரு கல்லூரியின் மாணவருக்கும் அதே பெயர் போட்ட சான்றிதழ்தான் கிடைக்கும். "பாரதிதாசன் நல்லதா?" என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

பொறியியலிலும் இதே கதைதான். "எம்பையன் அண்ணா யுனிவர்சிட்டி" என்று சொல்லும் வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். கிண்டியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகம்தான். எங்கோ நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் தனியார் கல்லூரியும் சான்றிதழைப் பொறுத்தவரை அண்ணா பல்கலைக்கழகம்தான். வேலைக்கு ஆள் எடுக்க வருபவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். வீட்டிலிருக்கும் நமக்குத்தான் தெரிவதில்லை.

2021 வரை அண்ணாமலை என்றால் சிதம்பரம் என்று ஐயமில்லாமல் சொல்ல முடிந்தது. இப்போது அதுவும் போயிற்று. அண்ணாமலை நகரில் தங்கிப் படிப்பதும் அண்ணாமலை, ஆற்றுக்கு அக்கரையில் ஓர் இணைப்புக் கல்லூரியில் படிப்பதும் அண்ணாமலை. தங்கிப் படிக்கும் வடிவத்துக்காகவே பிறந்த பல்கலைக்கழகத்தின் பெயரையும் தேர்வு நடத்தும் அலுவலகத்தின் பெயராக்கியிருக்கிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. எத்தனையோ மாவட்டங்களின் கல்லூரிகளுக்கு விடைத்தாள் திருத்தும் பொறுப்பை ஏற்றிய பிறகு, ஒரு பல்கலைக்கழகத்தின் முழுக் கவனமும் தன் வகுப்பறைகளில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே என்னைத் தேடிவரும் தாய்மார்களிடம் இப்போது ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன்: "எந்த யுனிவர்சிட்டின்னு கேக்காதீங்க தாயி. காலையில புள்ள எந்த வாசல்ல நுழையும், சாயங்காலம் எங்க உக்காந்து படிக்கும், அத மொதல்ல சொல்லுங்க."

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் பதில் சொல்வது பஸ்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுக் கலைக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க ஐம்பது ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு இரண்டே ரூபாய். இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மற்ற கட்டணங்களும் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு. இத்தனையும் கூட்டிப் பார்த்தால் காலை பஸ் ஏறி மாலை வீடு திரும்பும் கல்லூரி கிட்டத்தட்டச் செலவில்லாத கல்லூரி. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்று எனக்குத் தெரியும். என் மாணவிகள் பலர் அந்தக் கதவு வழியாகத்தான் போனார்கள். சிலர் இன்று ஆசிரியைகள்.

அண்ணாமலை வளாகத்துக்கு விண்ணப்பம் தனி, கட்டணமும் அரசுக் கல்லூரியைவிட அதிகம், அதற்கு மேல் விடுதிச் செலவு. இங்கேதான் எறையூரின் சொந்தச் சிக்கல் வருகிறது. நம் ஊர் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை மார்கழி, தை மாதங்களில் புகை கக்கும். கோடையில் அரவை முடிந்திருக்கும். பிள்ளைக்குப் பணம் கட்ட வேண்டிய காலம் மே, ஜூன். கரும்புப் பணம் முழுவதும் அதற்குள் கைக்கு வந்துவிட்டால் வீடு சிதம்பரத்தை யோசிக்கும். பாக்கி நின்றால் வேப்பந்தட்டைதான். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் நிலையும் இதுதான்; விலை விழுந்த ஆண்டில் பிள்ளையின் பாடப்பிரிவும் சேர்ந்து விழும். மதிப்பெண் எடுத்தது பிள்ளை, முடிவெடுப்பது சந்தை விலை.

கடந்த சில ஆண்டுகளாக மூன்றாவது வழி ஒன்றும் வந்திருக்கிறது. எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பரில் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே முதல் ஆலை வேலையைத் தொடங்கியது. காலணித் தொழில் பெண்களை அதிகமாக வேலைக்கு எடுக்கும் தொழில். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு ஊரிலேயே மாதச் சம்பளம் என்பது இந்த வானம் பார்த்த பூமிக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆலை வந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் பதினேழு வயதுப் பெண்ணின் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு, கல்லூரிச் செலவையும் ஆலைச் சம்பளத்தையும் வீட்டில் ஒரே தராசில் நிறுக்கும்போது, படிப்பின் தட்டில் எடை போட யாராவது வேண்டும். அந்த எடை விடுதியும் உதவித்தொகையும்தான். அறிவுரை எடை ஆகாது.

செலவைச் சமாளிக்க முடிந்தால் என் முடிவு தெளிவானது: பிள்ளையை வீட்டிலிருந்து அனுப்புங்கள். வளாகத்தில் தங்கிப் படிப்பதும் பஸ்ஸில் போய்வந்து படிப்பதும் ஒன்றல்ல. பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்குக் கல்லூரி என்பது காலையிலிருந்து பிற்பகல் வரைதான். கடைசி மணி அடித்ததும் கண் பஸ் நேரத்தின் மேல். நூலகம் திறந்திருக்கும் மாலை அவளுக்குக் கிடையாது. வீடு வந்தால் மாட்டுக்குத் தண்ணீர், தம்பிக்குச் சோறு. ஆண் பிள்ளைக்கு இந்த வேலைகள் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். தங்கிப் படிக்கிறவளுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் இன்னொரு கல்லூரி தொடங்குகிறது. சீனியரிடம் கணக்குக் கேட்பது, போட்டித் தேர்வுக்குச் சேர்ந்து படிப்பது, வேறு மாவட்டத்துத் தோழியின் பேச்சில் தன் ஊரை வெளியிலிருந்து பார்ப்பது. நெடுஞ்செழியனும் அன்பழகனும் அண்ணாமலையில் படித்தவர்கள். அவர்களுடைய பேச்சும் அரசியலும் பழுத்தது வகுப்பறையில் மட்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வளாகத்தின் விடுதிகளுக்கு அதில் பங்கு உண்டு. 1965 ஜனவரி 27இல் இந்தித் திணிப்பை எதிர்த்துப் போன மாணவர் ராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதும் அந்த மண்ணில்தான். ஒரு வளாகத்துக்கு இப்படி ஒரு நினைவு இருப்பதே ஒரு படிப்பு.

பெண் பிள்ளை விஷயத்தில் "பக்கத்துலயே இருக்கட்டும்" என்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். விடுதியில் இருப்பவளைவிட, இருட்டும் நேரத்தில் கூட்டப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருபவள் எந்த வகையில் பாதுகாப்பாக இருக்கிறாள் என்று எனக்கு யாரும் விளக்கியதில்லை.

ஆனால் சிதம்பரம் என்ற பெயரைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் கூடாது. 2013இல் கடும் நிதி நெருக்கடியில் சிக்கிய பிறகுதான் அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றது. அளவுக்கு மேல் இருந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் பிறகு தமிழகம் முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஒரு காலத்தில் தமிழிலும் மொழியியலிலும் நாடறிந்த பேராசிரியர்கள் இருந்த இடம் என்பதால், இன்றும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சேரப்போகும் துறையில் இப்போது நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். வேளாண்மை படிக்க விரும்பும் விவசாய வீட்டுப் பிள்ளைக்கு அங்கே பழைய, பெரிய வேளாண் புலம் இருக்கிறது. அது ஒரு கணக்கு. வெறும் பி.காம். படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது இன்னொரு கணக்கு.

தொலைநிலைக் கல்வியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் பகுதியில் வேலைக்குப் போய்க்கொண்டே 'அண்ணாமலை டிகிரி' வாங்கியவர்கள் நிறைய. ஆனால் 2014-15க்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்குத் தாம் அங்கீகாரம் அளிக்கவில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 மார்ச்சில் பகிரங்கமாக அறிவித்தது. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், சேரும் ஆண்டில், சேரும் படிப்புக்கு மானியக் குழுவின் ஒப்புதல் உண்டா என்று அதன் பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். ஏஜெண்டு சொல்வதை நம்பாதீர்கள்.

இக்கரைக் கல்லூரிகளின் நோய் வேறு. குரும்பலூரில் பாரதிதாசனின் உறுப்புக் கல்லூரியாகத் தொடங்கி அரசுக் கல்லூரியாக மாறிய கல்லூரி இருக்கிறது, வேப்பந்தட்டையிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது, அரியலூரிலும் உண்டு. கட்டடம் வந்தது, மாணவர்கள் வந்தார்கள், நிரந்தர ஆசிரியர்கள் போதுமான அளவுக்கு வரவில்லை. தமிழக அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் இருபத்தைந்தாயிரம் ரூபாய் தொகுப்பூதியத்தில் துறைகளைத் தூக்கி நிறுத்துகிறார்கள். 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. அந்த ஆகஸ்டில் நடக்க இருந்த தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. முனைவர் பட்டம் வாங்கி, அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாமல் நிற்கும் ஓர் ஆசிரியர், முதல் தலைமுறைப் பிள்ளைக்கு எதிர்காலத்தைப் பற்றி எந்த நம்பிக்கையோடு பேசுவார்? பேசுகிறார்கள் என்பதுதான் அவர்களுடைய பெருமை. மேலே துணைவேந்தர் நியமனத்தில் ஆளுநரும் அரசும் நீதிமன்றம் வரை மோதிக்கொண்டதில் பல பல்கலைக்கழகங்கள் தலைமை இல்லாமல் நாள் கடத்தின. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதை வேறொரு நாள் பேசலாம். பட்டமளிப்பு விழா தள்ளிப்போனால் சான்றிதழுக்குக் காத்திருப்பது எங்கள் பிள்ளைகள்தான்.

பெரம்பலூர், அரியலூர் என்ற நம் இரண்டு மாவட்டங்களைப் பின்தங்கியவை என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டார்கள். 2022 பிளஸ் டூ தேர்வில் மாநிலத்தில் முதலிடம் பெரம்பலூர், 97.95 சதவீதம். 2023 பத்தாம் வகுப்பில் முதலிடம் மீண்டும் பெரம்பலூர். 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர். 2025 பிளஸ் டூவில் அரியலூர், 98.82 சதவீதம். அந்த நான்கு ஆண்டுகளும் ஏதோ ஒரு தேர்வில் மாநிலத்தின் உச்சியில் நின்ற மண் இது. பள்ளி இவ்வளவு செய்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வாசலைத் தாண்டியதும் பஸ் ரூட்டைப் பார்த்துப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது என்றால், இனிச் செய்ய வேண்டியவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அரசிடம் நான் கேட்பது புதிய பல்கலைக்கழகம் இல்லை. புதிய பெயர்ப் பலகை எங்களுக்கு வேண்டாம், போதுமான பெயர்கள் இருக்கின்றன. வேப்பந்தட்டை, குரும்பலூர், அரியலூர் கல்லூரிகளுக்கு இருட்டிய பிறகும் விளக்கு எரியும் நூலகம் வேண்டும், அதில் உட்காரும் பிள்ளை தங்குவதற்கு விடுதியில் இடம் வேண்டும். சமூகநீதி விடுதிகள் என்று 2025இல் பெயர் மாற்றிய அரசு, அவற்றில் கல்லூரி மாணவியருக்கான இடங்களையும் பெருக்க வேண்டும். பாரதிதாசன் பல்கலைக்கழகம் தன் வளாகத்தை இளங்கலைப் பிள்ளைகளுக்கு இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும். தன் பெயரில் பட்டம் வாங்குகிறவர்கள் ஒருமுறையாவது அதன் ஆய்வகத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா? அண்ணாமலை வளாகத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்க வேண்டும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் செய்ய முடிகிறது என்றால், இயற்பியலுக்கும் வரலாற்றுக்கும் ஏன் முடியாது?

அது நடக்கும்வரை பெற்றோர் காத்திருக்க முடியாது. மே மாதம் காத்திருக்காது. உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பத்தில் முதல் கல்லூரி, இரண்டாம் கல்லூரி என்று எழுதும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். அப்பா காட்டு வேலையை ஒரு நாள் நிறுத்தட்டும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் போங்கள். சேரப்போகும் துறையைத் தேடிப் போய், அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள்: வகுப்பு தினமும் நடக்கிறதா, ஆய்வகத்தில் கையால் செய்ய விடுகிறார்களா, போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். விடுதியில் அறையைப் பாருங்கள், கழிப்பறையைப் பாருங்கள், ஒரு வேளை சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாருங்கள். நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று வாசலில் இருப்பவரைக் கேளுங்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளையிடம், "ஒனக்கு எது புடிச்சிருக்கு?" என்று கேட்டு, அவள் சொல்லும் பதிலை முழுதாகக் காது கொடுத்துக் கேளுங்கள்.